சேகாவின் திரைப்பெயர்

நூலுக்குப் பாயிரம் இருப்பதுபோல வீடியோ விளையாட்டுக்கும் ஒரு முகப்பு உண்டு. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு மூன்று நொடிகள் திரையில் தோன்றி மறையும் நிறுவனப் பெயரே அது. சிறுவர் அதனைப் பொறுமையின்றிக் கடப்பர். பெற்றோரோ பெரும்பாலும் அதனைக் காண்பதே இல்லை. ஆயினும் ஜப்பானிய நிறுவனமான சேகா தன் பெயரைத் திரையில் காட்டி வந்த முறைகளை வரிசையாக வைத்து நோக்கினால், அந்தச் சில நொடிகளுக்குள் கலையும் வாணிகமும் வழக்கும் அடங்கிக் கிடப்பது புலனாகும்.

'சேகா' என்பது ஜப்பானியச் சொல்லன்று. 'சர்வீஸ் கேம்ஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் இரு சொற்களிலிருந்தும் முதல் ஈரெழுத்துகளை எடுத்துச் சேர்த்ததால் பிறந்த சொல் அது. 1965-ஆம் ஆண்டில் 'சேகா என்டர்பிரைசஸ்' என்னும் நிறுவனம் உருவாயிற்று. தடித்த நீல எழுத்துகளும் அவற்றினூடே வளைந்தோடும் வெண்கோடுமாக இன்று அறியப்படும் சின்னம் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து வழங்கி வருகிறது. காசு போட்டு ஆடும் பொறிகளின் தொடக்க நாளில் பெயருக்குத் திரையில் பெரிய மதிப்பில்லை. உரிமை ஆண்டோடு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது.

அதனை மேடையின் நடுவே கொணர்ந்து நிறுத்தியது 1991-ஆம் ஆண்டில் மெகா டிரைவ் பொறிக்கு வெளிவந்த 'சோனிக்' ஆட்டம். நீல முள்ளெலி ஒன்று ஓடித் திரியும் ஆட்டம் அது. வெள்ளைத் திரையில் நீல எழுத்துகள். அவற்றின்மீது ஒளி ஒன்று தவழ்ந்து செல்கிறது. உடனே பலர் கூடிப் பாடும் குரலில் 'சே...கா' என ஒலிக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் வழங்கிய பாட்டொலி அது. ஜப்பானிய மொழியில் இவ்விரு அசைகளும் குறுகியே ஒலிப்பவை. பாட்டில் நீண்டு விடுகின்றன. இசை குறைந்த இடத்தை நிறைக்கும் அளபெடையை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது! கேட்ரிட்ஜ் எனப்படும் அந்த ஆட்டப் பெட்டகத்தின் கொள்ளளவோ 512 கிலோபைட் மட்டுமே. ஆட்டத்துக்குச் சிறிதும் உதவாத ஒரு குரலுக்கு அதில் இடம் ஒதுக்குவது துணிச்சலான செலவு. ஆனால் வீண் செலவன்று. அக்குரலைக் கேட்ட சிறுவன் ஆட்டத்தைத் தொடங்குமுன்னரே மகிழ்ந்து விட்டான். முள்ளெலிக்கு நீல நிறம் தந்ததும் நிறுவனச் சின்னத்தின் நிறத்தோடு பொருந்தவேண்டும் என்பதற்கே. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் சோனிக்கில் அம்முள்ளெலி தானே திரையின் குறுக்கே பாய்ந்தோட, எழுத்துகள் நிறம் பெறுகின்றன. பெயரும் ஆட்டமும் இவ்வாறு ஒன்றித் தோன்றுவது சேகாவின் வரலாற்றில் வேறெங்கும் இவ்வளவு நயமாக அமையவில்லை.

இந்த இனிமை அரங்கேறிய அதே காலத்தில் அதே பெயர் வேறொரு வேலைக்கும் அனுப்பப்பட்டது. மெகா டிரைவ் அமெரிக்காவில் 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டது. அதன் பிந்திய பொறிகள், செருகப்படும் பெட்டகத்தினுள் குறித்த இடத்தில் எஸ், இ, ஜி, ஏ என்னும் நான்கெழுத்துகள் உள்ளனவா என்று தேடும். இல்லையேல் ஆட்டம் ஓடாது. இருந்தால், 'சேகாவால் அல்லது சேகாவின் உரிமத்தின்கீழ் உருவாக்கப்பட்டது' என்ற ஆங்கில அறிவிப்பு ஏறத்தாழ மூன்று நொடிகள் திரையில் நிற்கும். அதில் வண்ணமும் இல்லை, இசையும் இல்லை. சுங்கச் சாவடியில் ஒட்டிய கட்டளை போன்றதொரு வாசகம்!

அக்கலேட் என்னும் கலிபோர்னிய நிறுவனம் சேகாவிடம் உரிமம் பெறாமலே அப்பொறிக்கு ஆட்டங்களை எழுதியது. பொறி திறக்கவேண்டுமே என்பதற்காக அந்நான்கெழுத்தையும் அவற்றைச் சார்ந்த சிறு கட்டளையையும் சேர்த்துக்கொண்டது. ஐந்து இலட்சம் முதல் பதினைந்து இலட்சம் பைட் வரை விரிந்த ஆட்டங்களில் அக்கட்டளை இருபது, இருபத்தைந்து பைட்டுக்கு மேற்படவில்லை. ஆயினும் விளைவு என்ன? சேகா உருவாக்காத, சேகா உரிமம் தராத ஆட்டம் ஒன்று, 'சேகாவுடையது' என்று திரையில் கூறலாயிற்று. வழக்கு எழுந்தது. 1992 ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் சேகாவின் பக்கம் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றித் தீர்ப்புரைத்தது. பொறியைத் திறக்கும் சாவியாகப் பெயரை வைத்தது சேகாவே. ஆகவே அதனால் விளையும் பொய்க்கு முதற்பொறுப்பும் சேகாவுடையதே என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. பிறர் ஆட்டத்தைப் பிரித்து ஆராய்ந்து பொறியின் இயல்பை அறிவதையும், அதற்கு வேறு வழி இல்லாதபோது, நீதிமன்றம் நியாயமான பயன்பாடு என்றே ஏற்றது. புதிதாக எழுத வருவோர்க்கு அத்தீர்ப்பு பெருந்துணையாயிற்று.

திறனாய்வு நோக்கிலும் அத்தீர்ப்பு பொருந்துவதே. ஒருவன் தன் பெயரைத் தான் செய்த பொருளின்மேல் எழுதினால் அது கையொப்பம். பிறன் செய்ததன்மேலும் அப்பெயர் வலிந்து தோன்றுமாறு செய்துவிட்டு, பின் அவனையே குற்றஞ்சாட்டுவது முறையாகாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிந்திய பொறியில் சோனிக்கை ஆடிய சிறுவன் முதலில் உரிம அறிவிப்பைக் கண்டான். அடுத்தே அவனுக்குக் கூட்டுக்குரல் கேட்டது. சேகா தன் வீட்டுக்குள் நுழையத் தன்னிடமே சீட்டுக் காட்டியது போலும்.

1994-ஆம் ஆண்டின் சாட்டர்ன் பொறியில் சிதறிய துண்டுகள் பறந்துவந்து சின்னமாக ஒன்றுகூடின. முப்பரிமாண வித்தையைக் காட்டும் ஆர்வமன்றி அதில் வேறு சிறப்பில்லை. 1998-இல் வந்த டிரீம்காஸ்ட் அப்படியன்று. சிறு சுழி ஒன்று திரையில் மெல்ல வரைந்துகொள்கிறது. ரியூச்சி சகமோட்டோ அமைத்த மெல்லிசை உடன் ஒலிக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆரஞ்சு நிறம், ஐரோப்பாவில் நீலம். அழகில் இதற்கு ஈடில்லை என்போர் பலர். ஆனால் இவ்வழகில் சேகாவின் பெயர் முன்னிற்கவில்லை. பொறியின் பெயரே முன்னிற்கிறது. சுழி மறைந்தபின் வரும் திரையிலோ, அந்தப் பழைய உரிம வாசகமே மீண்டும் தலைநீட்டுகிறது. அத்தகைய இசைக்குப் பின் அவ்வாசகத்தைப் படிப்பது, சோற்றில் கல் கடிபட்டது போன்றதே.

2001-ஆம் ஆண்டில் சேகா பொறி செய்வதைக் கைவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் 'சோனிக் அட்வான்ஸ்' என்னும் ஆட்டம், நெடுநாள் போட்டியாளரான நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கைப்பொறிக்கு வெளிவந்தது. அக்கைப்பொறிக்கும் ஒரு பூட்டு உண்டு. பெட்டகத்தினுள் நின்டெண்டோவின் பெயர்ச்சின்னம் பிழையின்றிப் பொறிக்கப்பட்டுள்ளதா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லையேல் ஆட்டத்தைத் தொடங்காது. எனவே தன் பெயரைப் பிறர் பெட்டகத்தில் எழுதவைத்த சேகா, தன் பெட்டகத்தில் பிறன் பெயரை எழுதவேண்டி வந்தது. திரையில் நின்டெண்டோவின் பெயர் முதலில் வந்தது. சேகா அதன் பின்னர் வந்தது.

2017-இல் வெளிவந்த 'சோனிக் மேனியா'வில் அந்தக் கூட்டுக்குரல் மீண்டும் ஒலித்தது. சோனியின் பொறியிலும் ஒலித்தது; நின்டெண்டோவின் பொறியிலும் ஒலித்தது.