இப்னு ஹஜர் கூறியதும் நாம் கூறவைத்ததும்

2020-ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றில் அரசாங்கங்கள் பள்ளிவாசல்களை மூடியபோது, அதற்கு மார்க்க ஆதாரம் தேடியோர் பலர் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் ‘பத்லுல் மாஊன் ஃபீ ஃபள்லித் தாஊன்’ என்னும் நூலை எடுத்தாண்டனர். ஹிஜ்ரி 833-இல் கெய்ரோவில் தாஊன் தொடங்கியபோது நாளொன்றுக்கு 40 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, பாலைவெளியில் திரண்டு துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடியுமுன் அன்றாடச் சாவு 1000-ஐத் தாண்டிற்று. கூட்டத்தால் நோய் பரவும் என்பதை இமாம் அன்றே உணர்ந்துவிட்டார் என்று இதற்குப் பொருள் கூறப்பட்டது.

நூலை முழுமையாக ஓதினால் இப்பொருள் நிற்காது. தாஊன் ஜின்களின் தீண்டலால் நேர்வது என்பதே இமாமின் கொள்கை; தொற்று என்னும் கருத்தை அவர் மறுக்கிறார். அக்கூட்டத்தை அவர் ஆட்சேபித்தது அதற்கு முன்மாதிரி இல்லை என்பதனால்தான். ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் தாஊன் பரவியபோது ஸஹாபாக்கள் இவ்வாறு திரளவில்லை என்பது அவருடைய வாதம். ஐவேளை ஜமாஅத்தை நிறுத்துமாறு அவர் எங்கும் கூறவில்லை. தம் புதல்வியர் மூவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நோயின் கொடுமை அறியாது எழுதியவர் அல்லர்.

அக்கால ஆட்சியின் ஆணையோ நேரெதிராக இருந்தது. ஹிஜ்ரி 749-இல் திமிஷ்கில் மூன்று நாள் நோன்புக்குக் கட்டளையிட்டவர் சுல்தானின் பிரதிநிதியே. அதையடுத்து நடந்த பெருந்திரளை நேரில் கண்ட இப்னு பதூதா, அதன்பின் நோய் தணிந்தது என்கிறார்; இப்னு ஹஜரின் நூலிலோ அதன்பின் நோய் மிகுந்ததாகவே பதிவாகியுள்ளது. ஒரே நிகழ்ச்சிக்கு இருவேறு சாட்சியங்கள்! இத்தகைய செய்தியின்மீது சட்டம் கட்ட முடியுமா?

அவ்வாறாயின் ஆட்சிக்கு அதிகாரமே இல்லையா? உண்டு, அதன் அடித்தளம் வேறு. குடிகள்மீது ஆட்சியாளரின் செயல் பொதுநலனைச் சார்ந்தே செல்லும் என்பது பிக்ஹு விதி; உஸ்மானிய ‘மஜல்லா’வின் 58-ஆவது பிரிவு. ஆனால் நிர்ப்பந்தம் அதன் அளவைக் கொண்டே மதிப்பிடப்படும் என்ற 22-ஆவது பிரிவும் அதே ஏட்டில்தான் உள்ளது. இந்திய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவும் வழிபாட்டுரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்படுத்தியே வழங்குகிறது.

பொதுநலனை ஆதாரமாகக் கொண்டவர் அளவையும் கேட்டாக வேண்டும். இப்னு ஹஜரை மட்டும் காட்டியவர்களுக்கு அக்கேள்வி எழவே வழியில்லை. தமிழ்நாட்டில் 2020 மே 7 அன்று, ரமலான் மாதத்தில், சென்னை நீங்கலாகப் பல மாவட்டங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொல்லியும், உச்சநீதிமன்றத் தடையாணை பெற்று அதே மாதத்தில் மீண்டும் திறந்தனர். நகரங்களின் பெரிய பள்ளிவாசல்கள் திறக்கச் செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மதுக்கடை வரிசையில் பரவாத எந்த நோய் தொழுகை வரிசையில் பரவும் என்று அரசிடம் வினவ, பிக்ஹு நமக்குச் சொல் தந்திருந்தது. நாம் அதனைப் பயன்படுத்தவில்லை.