கறுப்புக் கரையிட்ட மார்பு

நுவரெலியாவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பலர் விடியலிலேயே வானெடுத்து ஹோர்டன் சமவெளிக்குப் போய்விடுவார்கள். போகட்டும். மாரிகாலம் முழுக்க, நகரத்துக்கு நடுவிலேயே, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இருக்கிறது. விக்டோரியா அரசியின் வைரவிழாவை ஒட்டி 1897இல் பெயர் பெற்ற பூங்காவுக்குள் போக ஒரு நுழைவுச் சீட்டு போதும்.

ரோஜாப் பாத்திகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். ஓரத்தில் ஓடை போகும் நிழல் மூலைதான் நமக்கு வேண்டியது. பார்வைக்கு அவ்வளவு அழகில்லாத இடம்; ஆனால் ஈரம் உள்ள இடத்தில்தானே பூச்சி இருக்கும். ஆறுமணிக்குருவியும் அங்கேதான் சருகு கிளறும்.

13 சென்ரிமீற்றர் நீளம்கூட மட்டுமட்டாக இருக்கும் இந்தக் குருவியில் முதலில் கண்ணில் படுவது நிறமல்ல, வால். சிறகைத் தாழ்த்தி, வாலை வெடுக்கென்று மேலே தூக்கும். கறுப்பு வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை பளிச்சிடும். கூடவே ‘சக்’ என்று காய்ந்த ஒரு குரல். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் அவசரப்பட வேண்டாம், இடத்தைவிட்டு நகராமல் நில்லுங்கள். மனித நடமாட்டத்துக்குப் பழகிய பறவை. தாழ்ந்த கிளைக்கு அதுவாகவே வரும்.

ஆண் திரும்பி மார்பைக் காட்டும் கணத்துக்காகத்தான் இவ்வளவும். தொண்டையிலிருந்து கீழே இறங்கும் செம்மஞ்சள். செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கும் சிவப்பு உண்டு, அதன் உறவான டைகா ஈப்பிடிப்பானுக்கும் உண்டு. இதற்கு மட்டும் அந்தச் சிவப்பின் இரு ஓரத்திலும் கறுப்புக் கோடு ஓடுகிறது. நல்ல பட்டுச் சேலைக்குக் கரை செய்கிற வேலையை அந்தக் கோடு செய்கிறது: நிறத்தை நிறுத்தி, எடுத்துக் காட்டுகிறது.

ஆனாலும் என் ஓட்டு பெண்ணுக்கே. அதற்குச் சிவப்புமில்லை, கரையுமில்லை. வெறும் சாம்பல் பழுப்பு. பக்கத்து மரத்திலேயே பழுப்பு ஈப்பிடிப்பான் இருந்து குழப்பவும் கூடும். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குப் பெரிய கண், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். நிமிர்ந்து உட்கார்ந்து, பூச்சியைப் பிடித்துக்கொண்டு பழைய கிளைக்கே திரும்பும். வாலில் வெள்ளை கிடையாது. ஆணை யாரும் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். பெண்ணைச் சொல்ல, அது இருக்கும் விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கோடையில் இது வடமேற்கு இமயமலைக் காடுகளில், மரப்பொந்தில் கூடு கட்டுகிறது. அந்தக் காடுகள் குறைந்துவருவதால், அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலிலும் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் வந்து, வழியில் இருக்கும் சமவெளிகளையெல்லாம் விட்டுவிட்டு, நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளையும் இலங்கையின் மலைநாட்டையும் தேர்ந்தெடுக்கிறது. நுவரெலியாவின் உயரம் ஏறக்குறைய 1,870 மீற்றர்; காஷ்மீரில் அது கூடு கட்டும் காடுகளும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். ஊர் மாறினாலும் உயரத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம்!

மார்ச் கடைசிக்குள் கிளம்பிவிடும். ஆகவே, பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊரே நிரம்பி வழியும் ஏப்ரல் சீசனுக்கு அறை எடுப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டியதுதான். தை மாதம் வாருங்கள். அறை வாடகையும் குறைவு, குளிர்தான் கூடுதல்.