43 சதவீதம் யாருடைய கணக்கு?

"வார்னிஷ் பூசினால் சொத்தை 43 சதவீதம் குறையும்" என்றார் மகளைப் பார்த்த பல் மருத்துவர். வீட்டுக்கு வந்து 2013 காக்ரேன் மீளாய்வைப் படித்தேன். 22 ஆய்வுகள், 12,455 பிள்ளைகள். எண்ணில் தப்பில்லை: நிரந்தரப் பற்களுக்கு 43, பால் பற்களுக்கு 37. சொல்லும் விதத்தில்தான் கோளாறு.

நூறு பிள்ளைகளில் 43 பேர் தப்பிப்பார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. புதிதாகச் சொத்தையாகும் பல் பரப்புகள் சராசரியாக அவ்வளவு குறையும், அவ்வளவுதான். பத்து பரப்பு கெடப்போகிற பிள்ளைக்கு நாலு மிஞ்சும். ஒண்ணுமே கெடாத பிள்ளைக்கு லாபம் பூஜ்யம். அந்தச் சராசரிகூட 30 முதல் 57 வரை எங்கேயும் இருக்கலாம். பக்கவிளைவு பற்றி மூல ஆய்வுகள் அதிகம் பேசவில்லை; மீளாய்வு அதை ஒளிக்கவில்லை என்பது நல்ல விஷயம்.

என் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு சொத்தை. பூசச் சொல்லிவிட்டேன்.