சாட்சியும் மறுமொழியும்

1957 முதல் 1965 வரை, நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவிலுள்ள பழங்கட்டடமொன்றில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித், அங்கே கூடிய ஜாஸ் இசைஞரையும் சன்னலுக்குக் கீழுள்ள தெருவையும் சுமார் 40,000 படங்களில் பதிவு செய்தார். ஏறக்குறைய 4,000 மணி நேர ஒலிநாடாவையும் சேர்த்துவைத்தார். கருப்பினப் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க், தமது 1959ஆம் ஆண்டு டவுன் ஹால் கச்சேரிக்கு ஆயத்தம் செய்ததும் அங்கேதான்.

ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 2009இல், அதே அரங்கில் ஜேசன் மோரன் தம் குழுவினருடன் 'இன் மை மைண்ட்' என்னும் படைப்பை நிகழ்த்தினார். ஸ்மித்தின் படங்களும் மாங்க்கின் குரலும் அதில் இடம்பெறுகின்றன. மோரன் பழைய கச்சேரியை நகலெடுக்கவில்லை. ஆவணத்தைப் பேசவிட்டு அதற்கு மறுமொழி கூறுகிறார். போதகரின் அழைப்புக்குச் சபையார் குரலெழுப்பி விடையளிக்கும் கருப்பினத் திருச்சபை வழக்கம் ஜாஸின் ஊற்றுகளில் ஒன்று என்பதை நாம் இங்கு நினைவுகூர்கிறோம். மாங்க்கின் முன்னோர் வட கரோலினாவில் அடிமைகளாயிருந்ததையும் இப்படைப்பு மறக்கவில்லை.

எனினும் இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. காட்சிக்கூடச் சுவரிலுள்ள படம் நமக்காகக் காத்து நிற்கும். மேடைத் திரையிலுள்ள படமோ கடந்துபோகும். இசையின் இனிமையில் படத்திலுள்ள முகத்தை மறப்பதும் எளிது. மாங்க்கின் குரலுக்கு இடந்தருவதால் மோரன் இவ்வபாயத்தைப் பெரிதும் தவிர்க்கிறார். திருமறைப் பகுதியை வாசித்தவுடன் அதைத் தம் சொற்களால் மூடிவிடும் பிரசங்கியார் இவரிடம் கற்கவேண்டியது அதுவே என்று கருதுகிறோம்.