சாட்சிக் கூண்டில் பாட்டு வரிகள்

2022 மே மாதம் ராப் பாடகர் யங் தக் அட்லாண்டாவில் கைதானார். இசையில் அவர் உச்சத்தில் இருந்த காலம் அது. 2019இல் வந்த 'சோ மச் ஃபன்' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'திஸ் இஸ் அமெரிக்கா' பாடலை எழுதியவர்களில் ஒருவர் என்ற முறையில் அதே ஆண்டு கிராமி விருதிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஒய்.எஸ்.எல். என்ற சொந்த இசை நிறுவனமும் வைத்திருந்தார். அந்த மூன்றெழுத்து தெற்கு அட்லாண்டாவின் தெருக் கும்பல் ஒன்றின் பெயர் என்றது அரசுத் தரப்பு. ஃபுல்டன் கவுண்டி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் 28 பேர், 56 குற்றச்சாட்டுகள். குற்றக் கும்பல்களை ஒடுக்க வந்த ரீகோ சட்டத்தின்கீழ் அத்தனையும் ஒரே சதியாக இணைக்கப்பட்டன. அந்தச் சதிக்குத் துணைபோன செயல்கள் என்று அரசு அடுக்கிய பட்டியலில் யங் தக்கின் பாட்டு வரிகளும் இருந்தன.

பாட்டைச் சாட்சியமாக்கும் இந்த வழக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெக்சாஸைச் சேர்ந்த டே-கே என்ற இளைஞர் கொலை வழக்கில் வீட்டுக் காவலில் இருந்தார். காலில் பூட்டியிருந்த கண்காணிப்புக் கருவியை அகற்றிவிட்டுத் தப்பியோடினார். தலைமறைவாக இருந்த நாட்களில் அந்த ஓட்டத்தைப் பற்றியே 'தி ரேஸ்' என்ற பாடலைப் பதிவு செய்தார். 2019இல் அவருக்கு 55 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே பாட்டும் நடப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நீதிமன்றம் அதைக் கேட்கக் கூடாது என்பது சரியல்ல. கும்பல் மோதலில் மகனைப் பறிகொடுத்த தாய், எதிர்க் கும்பல் அவனைக் கேலி செய்து பாடுவதைக் கேட்க நேர்ந்தால், 'அது வெறும் கலை' என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால், இந்த வழக்கம் அப்படிப்பட்ட பாடல்களோடு நிற்கவில்லை. லூயிசியானாவின் ராப் பாடகர் மேக் ஃபிப்ஸ் வழக்கைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அவருடைய நிகழ்ச்சி நடக்கவிருந்த கேளிக்கை விடுதியில் ஒரு இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது நான்தான் என்று வேறொருவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் ஃபிப்ஸ்மீது வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் அவருடைய இரண்டு வெவ்வேறு பாடல்களிலிருந்து தலா ஒரு துண்டை எடுத்து, ஒரே மூச்சில் பாடிய வரிபோல ஒட்டி ஜூரியிடம் படித்துக் காட்டினார். அதில் ஒரு துண்டு, வியட்நாம் போரில் பணியாற்றிய தந்தையைப் பற்றி அவர் பாடியது. மகன் தந்தையைப் பற்றிப் பெருமையாகப் பாடிய வரி, கொலைகாரனின் ஒப்புதல் போல அங்கே ஒலித்தது. பன்னிரண்டு ஜூரிகளில் இருவர் உடன்படவில்லை. அன்றைய லூயிசியானா சட்டப்படி பத்துப் பேர் போதும். முப்பது ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, 2021இல்தான் வெளியே வந்தார். ஓர் இளம் கலைஞனின் இருபது ஆண்டுகள் போனது போனதுதான்.

ராப் என்றாலே ஆபத்து என்ற முன்முடிவை 1996இலேயே சோதித்துக் காட்டினார் கேரி ஃப்ரைட் என்ற உளவியல் ஆய்வாளர். கிங்ஸ்டன் ட்ரியோ என்ற நாட்டுப்புற இசைக் குழு 1960இல் பாடிய பாட்டின் வரிகளை எடுத்துக்கொண்டார். காவலரைக் கொன்றவனின் கதை அது. அதே வரிகளைச் சிலரிடம் ராப் என்றும் வேறு சிலரிடம் நாட்டுப்புற, கன்ட்ரி இசை என்றும் சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நம்பியவர்களுக்கு அவை கூடுதல் ஆபத்தாகத் தெரிந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் அப்படியே. வரி ஒன்றுதான், கறுப்பின இளைஞர்களின் இசை என்ற எண்ணம் வந்ததும் தீர்ப்பு மாறுகிறது. ராப்பில் 'நான்' என்று பேசுபவன் பெரும்பாலும் ஒரு பாத்திரம்; வீறாப்பு அந்தக் கலையின் மரபு. நம் அகப்பாடல்களில் தலைவி கூற்றாகப் பாடிய ஆண் புலவர்களின் வரிகளை அவர்களுடைய சொந்த வாழ்க்கைக் குறிப்பாக நாம் யாரும் படிப்பதில்லையே.

அட்லாண்டாவுக்கு வருவோம். பதினேழு பாட்டுப் பகுதிகளை நிபந்தனையுடன் அனுமதிக்கலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி கிளான்வில் முடிவு செய்தார். வழக்கு பாட்டின்மீது அல்ல, பாட்டு வேறு குற்றங்களை நிரூபிக்கவே என்பது அவர் நிலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரணை அறையில் நடந்தது வேறு. 'தக்' என்றால் கடவுளுக்குமுன் உண்மையான பணிவோடு இருப்பவன் என்று பொருள் என எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிரையன் ஸ்டீல் ஜூரிக்கு விளக்க வேண்டியிருந்தது. கொலை நடந்ததா, யார் செய்தார் என்று ஆராய வேண்டிய இடம் உரையாசிரியர்களின் மன்றமாகிவிட்டது. இந்த இழப்புக்கு அரசுத் தரப்பைத்தான் நான் பொறுப்பாக்குவேன்.

யங் தக்கை அப்பாவி என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. 2024 அக்டோபர் 31 அன்று கும்பல், போதைப்பொருள், துப்பாக்கி தொடர்பான குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார். சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, 15 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவிக்கப்பட்டார். ஜாமீன் மறுக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் இருந்தபின் வந்த ஒப்புதல் அது என்பதையும் மறக்கக் கூடாது. கடைசிவரை வழக்காடிய இருவரைக் கொலை, சதிக் குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி டிசம்பரில் விடுவித்தது.

பாட்டு வரிகளை எப்போது சாட்சியமாக ஏற்கலாம் என்று வரையறுக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர் எழுதிவைத்திருந்த ராப் வரிகள் பதின்மூன்று பக்கம் ஜூரிமுன் வாசிக்கப்பட்டன. பல வரிகள் சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதியவை. 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வரிக்கும் குற்றத்துக்கும் வலுவான நேரடித் தொடர்பு வேண்டும் என்றது. 2022இல் கலிஃபோர்னியா, இத்தகைய வரிகளை ஜூரி இல்லாத வேளையில் நீதிபதி முதலில் எடைபோட வேண்டும் என்று சட்டமே இயற்றியது. இந்த அளவுகோல்தான் சரி. வரியில் வரும் ஆளும் இடமும் ஆயுதமும் வழக்கோடு பொருந்தினால் காட்டட்டும். பொருந்தாவிட்டால், எவ்வளவு கொடூரமாக ஒலித்தாலும் அதற்கு அங்கே இடமில்லை. நாடு முழுவதும் உள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் இந்தப் பாதுகாப்பைத் தரும் மசோதா 2022இலும் 2023இலும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. இரண்டு முறையும் நிறைவேறவில்லை.