பத்து சதவீதக் கணக்கும் பொன்முடிச் சாலையும்

கேரளத்தின் வித்துராவிலிருந்து பொன்முடி மலைக்குப் போகும் சாலை கல்லாறு வரைக்கும் ஆளை ஏமாற்றும். லேசாக ஏறும், லேசாக இறங்கும். புதிதாக ஓடிப் பழகுகிறவர் ‘இவ்வளவுதானா’ என்று நினைத்துக்கொள்வார். கல்லாற்றைத் தாண்டிவிட்டால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. நெடுந்தூரம் ஓடப் பழகுவோருக்கு உலகமெங்கும் சொல்லித்தரப்படும் பாடத்தை இந்தச் சாலையில் உரசிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பாடம் சின்னது. ஓட்டத்துக்கு நடுநடுவே நட. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதே. இந்த வாரம் ஓடிய மொத்தத் தூரத்தோடு அடுத்த வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே. ஓட்டக் குழுக்களிலும் கைபேசிச் செயலிகளிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான் வருகிறது. இதில் நடை பொன்னானது. பேச்சு வேகம் பாதி வழி வரைக்கும் துணை வரும். பத்து சதவீதமோ, கணக்கு வேஷம் போட்ட வெறும் எச்சரிக்கை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர் ஜெஃப் காலவே. ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கு 1974இல் வகுப்பெடுத்தபோது அவர் ஓட்டத்தின் இடையில் நடையைச் செருகினார். களைத்த பிறகு நடப்பது யாருக்கும் தெரியும். களைப்பதற்கு முன்பே நடப்பதுதான் அவர் சொன்ன சூட்சுமம். 1996இல் ஜோஷ் கிளார்க் தன் அம்மாவை மனதில் வைத்து எழுதிய ‘கவுச் டு ஃபைவ் கே’ என்ற ஒன்பது வாரத் திட்டமும் இதே வழிதான். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. கடைசி வாரம் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டம்.

இந்த முறை உடம்புக்குச் செய்யும் நன்மையைவிட மனசிலிருக்கும் கூச்சத்துக்குச் செய்வது பெரிது. கேரளத்தில் ஓட்டம் என்றாலே தேர்வுதான். பொன்முடி இருக்கும் மாவட்டத்திலேயே, அருவிக்கரைக்குப் பக்கத்து மயிலத்தில், ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. தேர்ந்தெடுத்த பிள்ளைகளை வைத்துப் பயிற்றுவிக்கும் இடம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்த கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். இன்னொரு பக்கம், காவலர் வேலைக்கு விடியற்காலையில் மைதானம் சுற்றும் இளைஞர்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.யின் உடற்திறன் தேர்வில் எட்டு உருப்படிகளில் ஐந்தில் தேற வேண்டும். அவற்றுள் ஒன்று 1,500 மீட்டரை 5 நிமிடம் 44 விநாடிக்குள் ஓடுவது. பதக்கம் வாங்குகிறவர் ஓடுகிறார், வேலை தேடுகிறவர் ஓடுகிறார். நாற்பதைத் தாண்டிய வங்கி ஊழியரோ, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அம்மாவோ சாலையில் ஓடினால், பைக்கை நிறுத்தி ‘என்ன ஆச்சு, எங்கே அவசரம்?’ என்று விசாரிக்க ஒருவராவது இருப்பார். பள்ளி விளையாட்டு விழாவில் மூச்சு முட்ட ஓடிய நூறு மீட்டர்தான் இவர்கள் மனதிலிருக்கும் ஓட்டம். அதே வேகத்தில் தொடங்கி இருநூறு மீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் வர மாட்டார்கள். நடக்கலாம் என்ற அனுமதிதான் இவர்களை மறுநாளும் வரவைக்கிறது.

நடந்தால் அது ஓட்டமே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்திய வனப்பணிக்கு ஆள் எடுக்கும்போது அரசு வைக்கும் சோதனையை அவர்கள் ஒருமுறை பார்க்கலாம்: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மணி நேரம் என்பதை நடந்து பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். வித்துராவை அடுத்த போணக்காட்டிலிருந்து, 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கி ஏறுகிறவர்களும் நடந்துதான் போகிறார்கள். நெடுந்தூரம் தாங்கும் உடம்பு அங்கேயும் உருவாகிறது.

அடுத்தது பேச்சு வேகம். இதன் பின்னால் நிற்கும் பெரிய ஆள் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியர்ட். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டவர். அவருடைய சீடர்களான பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுகிறவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் நிதானமாக ஓடவைத்தவர் அவர். 1962இல் அவர் ஆக்லாந்தில் தொடங்கிய ஜாகிங் குழுவில் இதயநோயிலிருந்து மீண்ட நடுத்தர வயதுக்காரர்களும் சேர்ந்தார்கள். அதைப் பார்க்கப் போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேனை, மாரடைப்பு கண்ட எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பின்தங்கவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் ஜாகிங் பரவியது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான். லிடியர்டின் அந்த 35 கிலோமீட்டர் சுற்று வைடாகெரே மலைகளின் மேலேறி இறங்குவது. மலையில் விளைந்த பாடம்தான், ஊர் ஊராகப் போய்ச் செயலிகளுக்குள் நுழையும்போது சமதளப் பாடமாகிவிட்டது.

ஏற்றத்தில் பேச்சு வேகம் நன்றாகவே வேலை செய்யும். பத்து சதவீதச் சரிவில் ஏறி ஓட, சமதளத்தில் அதே தூரத்துக்கு ஆவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். மூச்சு அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு நின்றால் நடந்துவிடலாம். சிக்கல் இறக்கத்தில். அங்கே ஆற்றல் செலவு சமதளத்தைவிடக் குறைவு. பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. தசைநாரில் நுண்ணிய சேதம் விழுவது அப்போதுதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தேட வேண்டியிருக்கும். மூச்சை மட்டும் காவலுக்கு வைக்கும் பாடம் இந்தச் சாலையின் கீழ்நோக்கிய பாதியில் உறங்கிவிடுகிறது என்பது என் முதல் குற்றச்சாட்டு. மலைச்சாலையில் ஓடப் பழகுகிறவருக்கு யாராவது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், ஆனால் அது தொடக்கநிலைக் குறிப்புகளில் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது. மலையேறும் பயிற்சிக்கு ஒரு சோம்பேறி யோசனை வைத்திருக்கிறேன்: ஏறுவது காலால், இறங்குவது கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தால். இறங்கிப் பழகவும் வேண்டும்தான். அதை ஒரு வளைவு, இரண்டு வளைவு என்று தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

பத்து சதவீத விதிக்கு வருவோம். கேட்க நியாயமாக இருக்கும், மனதில் நிற்கும், கணக்குப் போடச் சுலபம். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பத்து சதவீதத்தை ஒட்டி 13 வாரமும், மற்றவர்களை வழக்கமான முறையில் 8 வாரமும் பழக்கினார்கள். 2008இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். மெதுவாகக் கூட்டியதால் மட்டும் யாரும் தப்பவில்லை. 2025இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் உறுத்தலானது. வாரக் கூட்டுத்தொகை ஏறுவதைவிட, ஒரே ஒரு ஓட்டம் கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டுவதுதான் காயத்தோடு சேர்ந்து வந்தது.

வார நாட்களில் வேலை, வீடு. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு நீள ஓட்டம். நம்மில் பலருடைய பயிற்சி இதுதான். செவ்வாய், வியாழன் விட்டுப்போன கிலோமீட்டரையெல்லாம் ஞாயிறில் சேர்த்தால் வாரக் கணக்குச் சரியாக வரும், செயலியும் பச்சை விளக்கு காட்டும். முழங்காலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். ‘மூச்சு வாங்கவே இல்லை, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாம்’ என்று தோன்றும் அந்த ஞாயிறுதான் ஆபத்தானது. ஐந்து கிலோமீட்டர் முடித்த கையோடு 21 கிலோமீட்டர் போட்டிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இந்த வலையில்தான் விழுகிறார்கள். பதக்கமும் பனியனும் கிடைக்கும், மறுக்கவில்லை.

விதியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். வித்துராவில் நெடுமங்காடு பக்கம் ஓடும் ஐந்து கிலோமீட்டரும் கல்லாற்றுக்கு மேலே ஓடும் ஐந்து கிலோமீட்டரும் ஒரே ஐந்தா? கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தைப் பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும். இன்று நாற்பது நிமிடம் என்று முடிவு செய்துவிட்டால், ஏற்றம் வந்தால் நடப்பீர்கள், வெயில் வந்தால் நிதானிப்பீர்கள், தூரம் தானாகச் சுருங்கிக்கொள்ளும். அந்த மாதத்தின் மிக நீண்ட ஓட்டம் நாற்பது நிமிடம் என்றால் அடுத்தது நாற்பத்துநான்கு. விதியின் எண்ணை வைத்துக்கொண்டு, அதை வாரத்துக்குப் பதில் ஒற்றை ஓட்டத்துக்கு மாற்றுகிறோம்.

புழுக்கத்தைப் பற்றியும் பாடம் வாய் திறப்பதில்லை. குளிர்நாட்டில் எழுதிய திட்டம் வியர்வை உலரும் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே காற்றிலேயே ஈரம். வியர்வை வழியும், ஆவியாகாது, உடம்பு ஆறாது. போன மாதம் சிரித்துக்கொண்டு ஓடிய வேகத்துக்கு ஏப்ரலில் இதயம் படபடக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உடம்பு வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரம் போல ஆகும் என்று தெரிந்தாலே பாதிப்பேர் விடாமல் தொடர்வார்கள். தண்ணீரையும் பயத்தில் குடம் குடமாகக் குடிக்க வேண்டியதில்லை. 2002 பாஸ்டன் மாராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்ததுதான். தாகத்துக்குக் குடித்தால் போதும். நீள ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் எந்த விலையுயர்ந்த பானத்துக்கும் குறைந்ததில்லை.

அந்தப் பானங்களோடு விற்கும் சோர்வைப் போக்கும் பொடிகளை நினைத்தால் இந்த ஊரின் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று வருகிறது. 1987இல் தாவர ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டில் அலைந்தபோது, வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டின் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. லாபத்தில் காணிகளுக்கும் பங்கு என்ற ஏற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நல்ல கதை. ஆனால் அந்த வழிகாட்டிகள் பிறந்ததிலிருந்து அந்த மலையில் நடந்தவர்கள் என்பதை மருந்துக் குப்பி சொல்லாது.

‘விடியலுக்கு முன் ஓடு’ என்ற குறிப்பு மட்டும் இங்கே நேரடியாக ஆபத்து. கல்லாற்றுக்கு மேலே யானை நடமாட்டம் உண்டு. வனத்துறைச் சோதனைச் சாவடியின் நேரத்துக்குள்தான் அந்தச் சாலையில் கால் வைக்க வேண்டும், அதுவும் தனியாக வேண்டாம். தொடங்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். ஒன்பது வாரத் திட்டத்தை ஜூனில் தொடங்கினால் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை மூன்றாம் வாரத்திலேயே வீட்டுக்குள் அடைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் துலாமழை மாலை இடியோடு வரும். டிசம்பரில் தொடங்குங்கள். பிப்ரவரிக்குள் ஒன்பது வாரம் முடிந்துவிடும். அதுவரை ஊர்ப்பக்கச் சாலையே போதும். முதல் கொண்டை ஊசி வளைவை அதற்குப் பிறகு நடந்தே ஏறிப் பார்க்கலாம்.