பழைய லேசர் டிஸ்க் யந்திரம்

1978-ல் அமெரிக்காவில் உதயமாகி, 2009-ல் ஜப்பானின் பயனியர் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியதோடு அஸ்தமித்த, வட்டிலிருந்து திரைப்படம் காட்டும் லேசர் டிஸ்க் யந்திரத்தை இன்று பழம்பொருள் கடைகளில் தேடும் ரசிகன், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காமல், முப்பது சென்டிமீட்டர் வட்டைத் தாங்கும் தட்டு தயக்கமின்றி நீள்கிறதா, உள்ளிருக்கும் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டதா என்பதையே முதலில் பரீட்சிக்க வேண்டும். ஹீலியம்-நியான் வாயுக் குழலால் ஒளி பாய்ச்சிய ஆதி யந்திரங்களைத் தரிசித்து ஆனந்திக்கலாம். வாங்குவதற்கு, அரைக்கடத்தி லேசர் பொருத்திய பிற்காலத்தவையே உத்தமம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வட்டின் பக்கத்தை நடுக்கதையில் எழுந்து புரட்டுவதும் சுகந்தான் என்பார் உண்டு. எனக்கு அந்த வைராக்கியம் இல்லை. இரு பக்கமும் தானே வாசிக்கும் யந்திரம் அகப்பட்டால், இரண்டாம் பக்கத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.